கூழைக்கடாவுக்கு எத்தனை போட்டோதாம்ல எடுப்பே?

ஏலே பேராண்டி, அந்தக் கேமராவை மடியில இருந்து எறக்கி வச்சிட்டு டீயைக் குடி. ஆறிப்போவுது. கூழைக்கடா எங்கயும் ஓடிராது. முட்டை வச்சு, குஞ்சு பொரிச்சு, அதுகளுக்குப் பறக்கச் சொல்லிக் குடுத்து, சாவகாசமாத்தான் கூந்தன்குளத்தைக் காலி பண்ணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சுப் பெங்களூருக்கு ஓட வேண்டியவன் நீதான்.

அந்த லென்ஸு பத்து லட்சத்துக்கு மேலயாம்லா? நல்லாருக்கு. மாசத் தவணை வேறயா? ரொம்ப நல்லாருக்கு. உங்க அம்மா போன் போட்டு ஒரே பொலம்பல். "ஊரு உலகத்துல எவனும் எடுக்காத கொக்கையா இவன் எடுத்துறப் போறான்? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா"ங்கா. சொல்லுதேன்னு வாக்குக் குடுத்துட்டேன். குடுத்த வாக்குக்காகச் சொல்லுதேன், காதைக் குடு.

செகண்டுக்கு 20 படம் எடுக்கும்னு சொன்னேல்லா? அப்போ நிமிசத்துக்கு 1,200 ஆச்சு. நான் கணக்குல பெரிய கெட்டிக்காரன் இல்ல. ஆனா ஒரு நிமிசத்துல கூழைக்கடா என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் செய்யாது. உக்காந்திருக்கும். நடுவுல ஒருக்கா கண்ணை மூடித் தெறக்கும். ஆக, உங்கிட்ட கண்ணைத் தெறந்த கூழைக்கடா 1,190, கண்ணை மூடின கூழைக்கடா 10. ராத்திரி பூரா முழிச்சு உக்காந்து எது நல்லாருக்குன்னு பொறுக்குத. அந்த நேரத்துல கூழைக்கடா நிம்மதியாத் தூங்குது.

உங்க அம்மா கேட்டதுல நியாயம் இருக்கு. ஆனா அதை அவ கேக்கக் கூடாது. அவ கல்யாணத்துக்கு டவுன்ல இருந்து ஆளைக் கூட்டியாந்து போட்டோ எடுத்தவன் நான். தாலி கட்டுறது ஒண்ணு, மெட்டி போடுறது ஒண்ணு, மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறது ஒண்ணு, பந்தியில வாயைத் தெறந்த மேனிக்கு உங்க பெரியப்பா ஒண்ணு. எந்த வீட்டு ஆல்பத்தைப் பொரட்டினாலும் இதேதான், மூஞ்சி மட்டும் மாறும். "தாலி கட்டுற படம்தான் நாட்டுல மலை மலையாக் கெடக்கே, இன்னொண்ணு என்னத்துக்கு?"ன்னு அன்னைக்கு ஒருத்தனும் கேக்கல. கேட்டிருந்தா அவனுக்குப் பந்தியில எலை விழுந்திருக்காது. புதுசா இருக்கணும்னா எடுத்தோம்? நம்ம வீட்டுக் கல்யாணம், அதனால எடுத்தோம். நீயும் அதுக்குத்தாம்ல எடுக்குற. நான் வந்தேன், நான் பாத்தேன், இது என் நாரை. அவ்வளவுதான் விசயம். அதை ஒத்துக்கிட்டா ஒரு குத்தமும் இல்ல. நீ ஒத்துக்க மாட்டே. "பறவைகளைப் பாதுகாக்கணும் தாத்தா, சனங்களுக்கு விழிப்புணர்வு வரணும் தாத்தா"ன்னு கத விடுத.

விழிப்புணர்வு! அதுவும் கூந்தன்குளத்துக்காரன்கிட்டயே வந்து!

இந்த ஊருக்குச் சரணாலயம்னு அரசாங்கம் போர்டு வச்சதே 1994-லதான். அதுக்கு முன்னாலயே, எங்க தாத்தன் காலத்துல இருந்தே, பறவை வந்துகிட்டுத்தான் இருக்கு. அதுக பயந்துரும்னு தீபாவளிக்கு வெடி போடாத ஊருல இது. கூட்டுல இருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் குடுத்து வளத்துப் பறக்கவிட்ட ஊரு. முத்தத்து வேம்புல நாரை கூடு கட்டும். கொடியில காயுற துணி பூரா எச்சம். நம்ம வீட்டுப் பொம்பளையாளுக திட்டிக்கிட்டே இன்னொருக்காத் துவைப்பாளுக, வெரட்ட மாட்டாளுக. எச்சம் ஊறின குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு அடிச்சா நெல்லு எப்படி வருதுன்னு எங்களுக்குத் தெரியும். பறவைப் படத்தைப் பாத்து இங்க எவனும் விழிப்புணர்வு அடையலப்பா. எச்சத்தைப் பாத்துத்தான் அடைஞ்சோம்.

என்ன, மொகம் சுண்டிப்போச்சு? பெருமைக்குப் போட்டோ எடுக்கிறது உன் காலத்துல வந்த வியாதின்னு நெனைக்காதே. இப்போ சத்தீஸ்கர்ல இருக்கே, கொரியான்னு ஒரு சமஸ்தானம். 1947-ல அந்த மகாராசா ராத்திரி வேட்டைக்குப் போயி மூணு சிவிங்கிப்புலியைச் சுட்டாரு. மூணையும் கெடத்திப் பக்கத்துல நின்னு போட்டோவும் பிடிச்சிக்கிட்டாரு. நம்ம நாட்டுச் சிவிங்கிப்புலியில கடைசின்னு இன்னைக்கும் எல்லாரும் எடுத்துக் காட்டுறது அந்த மூணைத்தான். 1952-ல அரசாங்கமே வாயால அத்துப்போச்சுன்னு சொல்லிட்டு. பொறவு 2022-ல நமீபியாவுக்கு ஆளனுப்பி எட்டை விமானத்துல ஏத்தியாந்து குனோ காட்டுல விட்டாங்க. மகாராசா எடுத்ததும் பெருமைக்குத்தான், நீ எடுக்கிறதும் பெருமைக்குத்தான். நீ எடுத்து முடிச்ச பொறவு நாரை எந்திரிச்சுப் பறந்து போவுது பாரு, அந்தமட்டுக்கு மகாராசாவை விட உன்னை எனக்குப் புடிச்சிருக்கு.

"அப்போ யாரும் எடுக்காத படமா எடுத்துக் காட்டுதேன்"னு கெளம்பிராதே. அது இதை விட மோசமான பாதை. லண்டன்ல இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்னு ஒண்ணு, வருசா வருசம் காட்டுயிர்ப் படத்துக்குப் போட்டி வைக்காங்க. 2009-ல ஸ்பெயின்ல எடுத்த ஒரு ஓநாய்ப் படத்துக்குத்தான் பெரிய பரிசு. ராத்திரி நேரம், ஓநாய் ஒண்ணு தொழுவத்துக் கதவை எகிறித் தாண்டுது. எல்லாரும் வாயைப் பொளந்தாங்க. பொறவு வெவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் கேட்டான்: காட்டு ஓநாயா இருந்தா கம்பி இடுக்குல நுழைஞ்சில்ல போவும், மெனக்கெட்டு எதுக்கு எகிறுது? தோண்டிப் பாத்தாங்க. வாடகைக்குக் கெடைக்கிற பழக்கின ஓநாயாத்தான் இருக்கணும்னு நடுவர்க முடிவு கட்டி, 2010 சனவரியில பரிசைத் திருப்பி வாங்கிட்டாங்க. எடுத்தவர் இல்லவே இல்லைன்னு சாதிச்சாரு.

அதோட விட்டுதா? 2017-ல அதே போட்டி. பிரேசில்ல இருட்டுல மினுங்குற ஒரு கரையான் புத்து, அதைத் தோண்ட வாற எறும்புதின்னி. அருமையான படம்லா? மறு வருசமே, படம் எடுத்த பூங்கா வாசல்ல காட்சிக்கு வச்சிருக்கிற பஞ்சடைச்ச எறும்புதின்னியும் இதுவும் ஒண்ணுதான்னு நிபுணர்க சொல்லிட்டாங்க. கோடு, மயிர்ச் சுழி எல்லாம் அச்சா ஒத்துப்போச்சாம். அவரும் ஒத்துக்கல. இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? குளத்துக்கு வாற போட்டோக்காரன் ஒருத்தன் விடாம இந்த பெஞ்சுலதான் உக்காந்து டீ குடிக்கான். ஒருத்தன் படத்தை இன்னொருத்தன் குறை சொல்லாம எவனும் கிளாஸைக் கீழ வைக்கல. நான் பொறத்தால உக்காந்து பேப்பர் படிக்கிற மாதிரி எல்லாத்தையும் கேட்டுக்கிடுவேன்.

புதுசு புதுசுன்னு தவிச்சா கடைசியில அங்கதான் கொண்டு போய் விடும். அதுக்கு உன்னோட ஆயிரத்தொண்ணாவது கூழைக்கடா எவ்வளவோ தேவலை. கூழைக்கடாவை இதுவரைக்கும் எவனும் வாடகைக்குப் பிடிக்கல.

ஆனா ஆயிரத்தொண்ணாவது படத்துக்கும் கூலி உண்டு பாத்துக்க. அதை நீ குடுக்கல. நேத்து மத்தியானம் அந்தக் கருவேல மரத்துக்குக் கிட்டப் போனியே, மஞ்சள் மூக்கு நாரை ஒண்ணு றெக்கையை விரிச்சு நின்னுதுன்னு. "போஸு குடுக்கு தாத்தா"ன்னு குதிச்சே. போஸா அது? அந்த நாரை வெயிலுக்கு முதுகைக் குடுத்து, ரெண்டு றெக்கையையும் பாதி விரிச்சுத் தொங்கவிட்டு, வாயைத் தெறந்து மூச்சிரைச்சுக்கிட்டு நிக்கி. காலுக்கு நடுவுல மூணு குஞ்சு. இன்னும் சரியா மயிர் மொளைக்காத வெள்ளைப் பஞ்சு. அம்மா றெக்கை நெழல் எங்க விழுதோ அங்க மட்டும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. வெயில் நகர நகர இவளும் நின்ன எடத்துலயே கொஞ்சங் கொஞ்சமாத் திரும்புதா. நீ இன்னும் நாலெட்டு வச்சே. அவ எந்திரிச்சுப் பறந்துட்டா. உனக்கு ஒரே சந்தோசம், "பறக்கிறது கெடைச்சிட்டு". நீ அண்ணாந்து அவளை எடுத்துக்கிட்டு இருந்த நேரத்துல மூணு குஞ்சும் உச்சி வெயில்ல காயுது, பக்கத்துக் கெளையில காக்கா வந்து உக்காந்து உனக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கு. கூட்டுல எடுத்த படம்னாலே இப்போ பல போட்டியில சேத்துக்கிட மாட்டேங்காங்களாம்லா? அவங்களுக்கு இருக்கிற வெக்கம் உனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

சரி, திட்ட வேண்டியதைத் திட்டியாச்சு, உங்க அம்மாவுக்குக் குடுத்த வாக்கு தீந்துபோச்சு. இனிமே சொல்றது நானாச் சொல்றது.

ஒரே மாதிரி படம்னா வீண்தானேன்னு அவ நெனைக்கா. நீயும் மனசுக்குள்ள அப்படித்தான் பயப்படுத. ரெண்டு பேரும் தப்பு. 2018 புலிக் கணக்கெடுப்பு எப்படி நடந்துது தெரியுமா? கேமராவை மரத்துல கட்டிட்டு ஆளு திரும்பி வந்துட்டான். குறுக்க எது போனாலும் அதுவே எடுத்துக்கிடும். நாடு பூரா 26,838 எடத்துல வச்சாங்க. விழுந்த படம் 3,48,58,623. மூணரைக் கோடிக்குக் கொஞ்சம் கம்மி. அதுல புலி 76,651, சிறுத்தை 51,777. உலகத்துலயே பெருசுன்னு கின்னஸ் புத்தகத்துலயும் ஏறிட்டு. படத்தோட லெச்சணத்தைக் கேக்காதே. ஒண்ணுல புலிக்கு வாலு மட்டும் இருக்கும், ஒண்ணுல வெளிச்சம் பட்டு மூஞ்சி வெளுத்துப் போயிருக்கும். நீ அதை பேஸ்புக்குல போட்டா ஒருத்தன் சீண்ட மாட்டான். ஆனா அந்த 76,651 படத்தையும் அலசி, வெலாப்பக்கத்து வரியை ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாத்து, 2,461 புலியைத் தனித்தனியா ஆள் அடையாளம் கண்டுட்டாங்க. சராசரியாப் பாத்தா ஒரு புலிக்கு 31 படம். ஒரே மாதிரி படம் திரும்பத் திரும்ப விழுந்ததாலதாம்ல அது ஒரே புலின்னே தெரிஞ்சுது!

அந்தக் கோணப்படத்துக்கு இருக்கிற மதிப்பு உன் பத்து லட்சத்துப் படத்துக்கு ஏன் இல்ல? எந்த எடம், எந்த நாள், எத்தனை மணி. மூணும் அதுல இருக்கு. உன் படத்துக்குக் கீழ என்ன இருக்கு? "பூவுலகின் இளவரசி"ன்னு எழுதி, ரெண்டு செவத்த இருதயம், கடைசியில உன் பேரு. இளவரசி எந்த ஊருன்னு கேட்டா பதிலு இல்ல.

மங்கோலியாவுல வரித்தலை வாத்துக்குக் கழுத்துல பட்டை மாட்டி எழுத்தும் நம்பரும் போட்டு விடுதாங்க. அது இமயமலையவே ஏறித் தாண்டி, தெக்க எறங்கி, நம்மள மாதிரி ஊருக் குளத்துல வந்து புல்லு மேயும். கர்நாடகத்து ஏரிக்கரைகள்ல உன்னை மாதிரிப் பயலுக எடுத்த படத்தைப் பெருசாக்கி நம்பரைப் படிச்சுத்தான் எது எங்கயிருந்து வந்துதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தப் படத்துல வாத்து அழகா இருந்துதான்னு ஒருத்தரும் கேக்கல.

மா. கிருஷ்ணன்னு ஒரு பெரிய மனுசர். நாவல் எழுதின அ. மாதவையா மகன், 1912-ல நம்ம திருநெல்வேலியில பொறந்தவரு. உன்னைய மாதிரி கடையில போயி டப்பாவைப் பிரிக்கல. அங்கொண்ணு இங்கொண்ணுன்னு பாகத்தைச் சேத்து அவரே ஒரு பெரிய கேமராவைக் கூட்டி, அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேரும் வச்சாரு. எல்லாம் கறுப்பு வெள்ளை. யானையவும் மானையும் எடுத்துக்கிட்டே இருந்தாரு. அப்போ மட்டும் யானைப் படத்துக்கா பஞ்சம்? அவரோட ஒரு பொஸ்தகத்துக்கு வச்ச பேரு, '1959-70-ல இந்தியாவின் காட்டுயிர்'ன்னு அர்த்தம் வாற இங்கிலீசுப் பேரு. கவனிச்சியா? அட்டையிலயே வருசத்தைப் போட்டுட்டாரு. இன்னைக்கு ஒருத்தன், "அந்தக் காலத்துல காட்டுல என்ன இருந்துது?"ன்னு கேட்டா அதைப் பிரிச்சுப் பாக்கலாம். உன் இளவரசியைப் பிரிச்சுப் பாத்தா என்ன தெரியும்? உங்கிட்ட நல்ல லென்ஸு இருந்துதுன்னு தெரியும்.

இன்னொண்ணு கேளு. நான் சின்னப் பயலா இருக்கும்போது மாடு செத்தா ஊருக்கு வெளிய போடுவாங்க, பாறுக் கழுகு கூட்டமா எறங்கும். நாங்க கல்லெடுத்து எறிவோம். அதைப் போயி எவன் போட்டோ எடுப்பான்? மொட்டைக் கழுத்து, நாத்தம், எங்க பாத்தாலும் கெடக்கு. அப்புறம் மாட்டு வலிக்கு டைக்ளோபினாக்னு ஒரு மருந்து வந்துது. அந்த மருந்து ஏறின மாடு செத்து, அதைத் தின்ன பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, கொத்துக் கொத்தா விழுந்துது. வெண்முதுகுப் பாறுல 100-க்கு 99-க்கு மேல போயிட்டு. 2006-ல மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க, அதுக்குள்ள ஊரு சுத்தமாயிட்டு. இப்போ அதே பாறுக் கழுகை ஒரு படம் எடுக்க நீங்க மாயாறு பள்ளத்தாக்குக்கு வண்டி கட்டிட்டுப் போறிய. எங்க ஊருல எந்த வருசம் வரைக்கும் பாறு எறங்குச்சுன்னு காட்ட ஒரு மங்கின படம்கூடக் கெடையாது. எல்லாரும் மயிலை எடுத்துக்கிட்டு இருந்துட்டாங்க.

கூடிப்போன படத்தாலயும் ஒரு கேடு உண்டு. 2018-ல பிரான்சுக்கார ஆராய்ச்சிக்காரங்க ஒரு கணக்குப் போட்டாங்க. அந்த நாட்டுல ஒரு ஆளு ஒரு வருசத்துல படத்துலயும் விளம்பரத்துலயும் பொம்மையிலயும் பாக்குற சிங்கம், மேற்கு ஆப்பிரிக்கா பூரா உசுரோட இருக்கிற சிங்கத்தை விட அதிகமாம். தெனம் பாக்குறதால காட்டுலயும் அது கொள்ளையா இருக்குன்னு சனங்க நெனைச்சிக்கிடுதாங்கன்னு சொல்லுதாங்க. உன் கூழைக்கடாவுக்கும் அதே கததான். மணிமுத்தாத்துத் தண்ணி சரியா வந்து சேராத வருசம் குளம் வெடிச்சுக் கெடக்கும், மரத்துல ஒரு கூடு இருக்காது. அந்த வருசம் உங்கள்ல ஒருத்தனும் வர்றதில்ல. தப்பித் தவறி வந்தவனும் ஓரமா நின்னு உதட்டைப் பிதுக்கிட்டுக் கேமராவைப் பையை விட்டே எடுக்காமப் போயிருதான். அதனால என்ன ஆவுதுன்னா, கூந்தன்குளம்னு எடுத்த எல்லாப் படத்துலயும் பறவை இருக்கு. வெளியூர்க்காரன் பாத்தா, எங்க குளத்துக்கு ஒரு கொறையும் கெடையாது, வருசந் தவறாமப் பறவை வந்து கொட்டுதுன்னு நெனைப்பான். தண்ணி வேணும்னு நாங்க மனுக் குடுத்தா, "அதான் படத்துல நெறைஞ்சிருக்கே"ம்பான்.

அதனால எடுக்காதேன்னு சொல்ல மாட்டேன். எடு. அஞ்சே விசயம் கேட்டுக்க. மத்தியான வெயில்ல கூட்டுப் பக்கம் காலு வைக்காதே. ஏதாவது ஒரு மரத்தைப் பிடிச்சுக்க, வருசா வருசம் அதே எடத்துல நின்னு அதே மரத்தை எடு. பறவை இல்லாத வருசம் கண்டிப்பா வந்து எடு. காக்கா, மைனா, உண்ணிக்கொக்கு, செம்போத்துன்னு நீ ஏறெடுத்துப் பாக்காததுகளையும் ஒண்ணு ரெண்டு எடுத்து வையி, எது அடுத்த பாறுன்னு எவனுக்குத் தெரியும்? பொங்கலுக்கு லீவுல வரும்போது பறவைக் கணக்கெடுப்புன்னு 2015-ல இருந்து நடத்துதாங்களே, அதுல கால் மணி நேரம் நின்னு எண்ணி எழுதிப் போடு. எண்ணும்போது கேமரா கழுத்துல தொங்கட்டும், கண்ணுக்கும் கொஞ்சம் வேலை குடு.

இந்த வெத்து மரத்துக்கும் காக்காய்க்கும் ஒரு லைக்கும் விழாது, அதையும் இப்பவே சொல்லிருதேன். லைக்கு வேணும்னா கூழைக்கடாவையும் போட்டுக்க, நான் என்ன கேக்கவா போறேன்? எனக்கும் வாட்ஸ்ஆப்புல அனுப்பு. ஆனா கீழ தேதியும் ஊரும் எழுதாம அனுப்பினே, உங்க சித்தி தெனம் காலையில அனுப்புற 'குட் மார்னிங்' படம்னு நெனைச்சு அழிச்சிருவேன்.